கார்ட்டூன் நெட்வொர்க்ல யாரும் பேசாத அந்த வருஷங்க

கார்ட்டூன் நெட்வொர்க் பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் நேரா ஒரே இடத்துக்குத்தான் போறாங்க. டெக்ஸ்டர், ஜானி பிராவோ, பவர்பஃப் கேர்ள்ஸ், கரேஜ். அதெல்லாம் 90கள். இல்லன்னா அப்படியே ஒரே தாவா தாவி 2010க்கு வந்து அட்வெஞ்சர் டைம், ரெகுலர் ஷோன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நடுவுல சில வருஷங்க இருக்கே, அதை யாரும் கண்டுக்கிறதே இல்ல. நான் அந்த நடுவுல வளந்த ஆளு. 2004ல இருந்து 2008 வரைக்கும், கோலாலம்பூர் செந்தூல்ல எங்க பிளாட்ல, ஸ்கூல் விட்டு வந்து யூனிஃபார்ம் கூட மாத்தாம உக்காந்து பாத்தது பூரா அந்தக் காலத்துதான், அதனால இதை என்னை மாதிரி ஆளுங்க எழுதினாத்தான் உண்டு.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. இந்த சேனல் அமெரிக்காவுல ஆரம்பிச்சது 1992 அக்டோபர் 1. சிஎன்என் ஆரம்பிச்ச டெட் டர்னர் அதுக்கு முந்தின வருஷமே ஹன்னா-பார்பெரா கம்பெனியை வாங்கிட்டாரு, கையில ஏகப்பட்ட பழைய கார்ட்டூன் சேந்துடுச்சு, அதை வச்சு நாள் முழுக்க ஒரு சேனல் ஓட்டலாம்னு ஆரம்பிச்சதுதான் இது. ஆசியாவுக்கு 1994ல வந்துச்சு, ஆனா முழு சேனலா வரல. பகல்ல கார்ட்டூன், ராத்திரி ஆனா அதே சேனல்ல டிஎன்டி, அதாவது பழைய ஹாலிவுட் படம்.

இந்த டிஎன்டி காலத்தை நான் பாக்கல, எங்க பெரியப்பா மக அக்கா பாத்தவங்க. 90கள் கடைசியில கிள்ளான்ல அவங்க வீட்டுல காசு கட்டிப் பாக்குற சேனலுக்கான டிகோடர் பெட்டி இருந்துச்சு. ராத்திரி சோறு சாப்பிடுற நேரத்துக்கு டாம் அண்ட் ஜெர்ரி ஓடிக்கிட்டே இருக்குமாம், திடீர்னு நின்னுடும், அடுத்த நிமிஷம் தொப்பி போட்ட ஆளுங்க சிகரெட் பிடிச்சுக்கிட்டு கருப்பு வெள்ளையில பேச ஆரம்பிச்சிடுவாங்களாம். பெரியப்பா அப்பதான் ரிமோட்ட எடுத்து சவுண்ட் கூட்டுவாராம். அக்காவுக்கு அந்தப் பழைய படங்கள் மேல இன்னிக்கும் ஒரு பிரியம் இருக்கு, அது அப்படி வந்ததுதான், கார்ட்டூன் திரும்ப வந்துடுமோன்னு காத்துக்கிட்டு இருந்தப்ப பாத்த படம். 2001ல டிஎன்டி போய் டிசிஎம்னு தனி பழைய படச் சேனல் ஆச்சு, கார்ட்டூன் 24 மணி நேரமும் வர ஆரம்பிச்சுச்சு. அந்த அரைநாள் சேனல் காலமும் யாரும் பேசாத ஒரு காலம்தான், அதை அக்கா எழுதட்டும்.

என் காலத்துக்கு வரேன். 2004 ஜூன் 14ல அமெரிக்காவுல சேனலோட முகத்தையே மாத்துனாங்க. கருப்பு வெள்ளை கட்டம் 14, ஒவ்வொண்ணுலயும் ஒரு எழுத்துன்னு இருந்த பழைய லோகோ போச்சு, சிஎன்னு ரெண்டே எழுத்து, ரெண்டே கட்டம்னு புது லோகோ வந்துச்சு. அதோட சேந்து வந்ததுதான் சிஎன் சிட்டி. நம்ம ஆசியா பக்கம் கொஞ்சம் பின்னாடிதான் வந்துச்சு. ஒரு கார்ட்டூனுக்கும் அடுத்த கார்ட்டூனுக்கும் நடுவுல வர்ற பத்து பதினஞ்சு செகண்ட் துண்டு இருக்கே, பம்பர்னு சொல்லுவாங்க, அதை எல்லாம் சேத்து ஒரு ஊராவே கட்டிட்டாங்க. ஊரு முப்பரிமாணத்துல, ரோடு, கடை, பஸ், மாடி வீடு எல்லாம் நிஜம் மாதிரி. அதுக்குள்ள நடமாடுறவங்க மட்டும் அவங்கவங்க கார்ட்டூன்ல எப்படி தட்டையா வரைஞ்சிருக்காங்களோ அப்படியே. அந்த ஷோ ஆளு இந்த ஷோ ஆளுகூட ரோட்டோரத்துல நின்னு பேசிட்டு போவாங்க. செஞ்சது ஆஸ்திரேலியாவுல சிட்னியில இருக்கிற அனிமல் லாஜிக். அதே கம்பெனிதான் 2006ல ஹேப்பி ஃபீட் செஞ்சு, அந்தப் படம் ஆஸ்கார் வாங்குச்சு. அப்பேர்ப்பட்ட கைகாரங்க செஞ்ச வேலை, பதினஞ்சு செகண்ட்ல ஓடிப்போயிடும், பேரு கூட போட மாட்டாங்க.

எனக்கு அந்த ஊரு எங்க பிளாட் மாதிரியே இருந்துச்சு. நாலாவது மாடி காரிடார்ல ஒரு பக்கம் எங்க வீடு, எதிர்ல ஒரு மலாய் மக்சிக் (அத்தை மாதிரி) வீடு, மூலையில ஒரு சீனக் குடும்பம், எல்லாரும் வேற வேற கதைக்காரங்க, ஆனா லிஃப்ட்டு வேலை செய்யலன்னா எல்லாரும் ஒண்ணாத்தான் படி ஏறணும். சிஎன் சிட்டியும் அப்படித்தான். எட் எட்டி பசங்க தெருவுல சுத்திக்கிட்டு இருப்பாங்க, அதே தெருவுல கிரிம், அதான் உயிரெடுக்க வர்ற எமன் மாதிரி எலும்புக்கூடு, அரிவாளோட போவாரு, யாரும் பயப்பட மாட்டாங்க, பக்கத்து வீட்டு ஆளுதானேன்னு. ஒரு ஷோவுல வர்றவங்களுக்கு அந்த ஷோ முடிஞ்சதுக்கப்புறமும் ஒரு வாழ்க்கை இருக்குன்னு எனக்கு அந்த வயசுல தோண வச்சது இந்தத் துண்டுங்கதான். பேக்கைத் திறந்து ஹோம்வொர்க் எழுதணும்னு உக்காந்தாலும், பம்பர் வர்ற நேரம் பாத்து தலைய தூக்கிடுவேன். விளம்பரத்துல தண்ணி குடிக்கப் போற பசங்க இருந்தாங்க, நான் போனதே இல்ல.

சரி, ஷோவுக்கு வருவோம், ஏன்னா இந்தக் காலத்துல ஷோவே சரியில்லன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. நான் ஒத்துக்க மாட்டேன்.

ஃபாஸ்டர்ஸ் ஹோம் 2004ல வந்துச்சு, பவர்பஃப் கேர்ள்ஸ் செஞ்ச அதே கிரெய்க் மெக்கிராக்கன்தான். சின்னப் பிள்ளைங்க மனசுல உருவாக்குற கற்பனை சினேகிதங்க, பிள்ளை பெருசானதும் வேணாம்னு ஆகிடுதுல்ல, அந்த சினேகிதங்களுக்கு எல்லாம் ஒரு பெரிய வீடு. மேக்ன்னு ஒரு பையன், அவனோட நீல சினேகிதன் புளூ. அம்மா சொல்லிட்டாங்க, வீட்டுல வச்சுக்கக் கூடாதுன்னு. அந்த வீட்டுல விடுறான். ஆனா ஒரு பேச்சு, மேக் தினம் வந்து பாக்கணும், வந்துக்கிட்டே இருந்தா புளூவை வேற யாருக்கும் தத்து குடுக்க மாட்டாங்க. தினம் ஸ்கூல் விட்டு அவன் ஓடி வருவான். இது மெக்கிராக்கனுக்கும் அவரு மனைவி லாரன் ஃபாஸ்டுக்கும் நாய் காப்பகத்துல இருந்து நாய் தத்தெடுத்தப்ப வந்த யோசனைன்னு பின்னாடிதான் படிச்சேன். படிச்சதும் எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. பிள்ளைங்க ஷோன்னு சொல்லிட்டு இவ்வளவு பெரிய துக்கத்தை உள்ள வச்சிருக்காங்க, அதுவும் சிரிச்சுக்கிட்டே பாக்குற மாதிரி.

அப்புறம் கேம்ப் லாஸ்லோ, 2005, ஜோ மர்ரி செஞ்சது. என்னைக் கேட்டா இந்த சேனல்ல வந்ததுலயே ரொம்ப நிம்மதியான ஷோ இதுதான். காட்டுக்குள்ள ஒரு ஸ்கவுட் முகாம், லாஸ்லோன்னு ஒரு குரங்கு, கிளாம்னு ஒரு குட்டி காண்டாமிருகம், ராஜ்னு ஒரு யானை. ராஜ் இந்தியா யானை. பேரு ராஜ். எங்க கிளாஸ்லயே ராஜ் இருந்தான், ராஜ்குமார் இருந்தான், தர்மராஜ் இருந்தான், ஆனா இங்கிலீஷ் கார்ட்டூன்ல நம்ம பேரு உள்ள ஒருத்தன் மெயின் ஆளா வந்து பாத்ததே இல்ல. அவன் பேசுற இங்கிலீஷ் நம்ம ஆளுங்க பேசுறது மாதிரியெல்லாம் இல்ல, வெளிநாட்டுக்காரன் இந்தியர்னா இப்படித்தான் பேசுவாங்கன்னு நெனச்சு பேசுனதுதான், அது எனக்கு அப்பவே தெரியும். இருந்தாலும் அவன் கூட்டத்துல ஒருத்தன், சாதாரணமா, லாஸ்லோவோட நெருங்கின கூட்டாளி.

எங்க அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. சாயங்காலம் சோபாவுல கால மடக்கி உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டே என்கூட பாப்பாங்க. ராஜ் வந்ததும் கீரையை விட்டுட்டு, "யப்பா, ஆனைக்குட்டி வந்துருச்சுடா, சத்தத்த கொஞ்சம் வையி"ம்பாங்க. அவன் மாட்டிக்கிட்டா "அய்யோ பாவம் பிள்ள"ன்னு உச்சு கொட்டுவாங்க. என்ன பேசுறான்னு நான் சொல்லித் தந்ததே இல்ல, அவங்களும் கேட்டதில்ல, ஆனா கதை அவங்களுக்கு எப்படியோ விளங்கிடும். அம்மா வேலை முடிஞ்சு வந்து வானவில்ங்கிற தமிழ் சேனலைப் போடச் சொல்ற வரைக்கும் அந்த டிவி எங்க ரெண்டு பேருக்கும்தான். இந்த ஷோ பேரு கூட தெரியாதவங்க நெறைய பேரு, நான் சொல்ல வர்ற இடமே அதுதான், எங்க அப்பத்தாவுக்கே பிடிச்ச ஷோ எந்தப் பட்டியல்லயும் வர்றதில்ல.

இன்னும் சொல்லலாம். ஜூனிபர் லீ, ஊரைக் காப்பாத்துறது அவ வேலைங்கிறதால ஊரை விட்டே வெளிய போக முடியாத ஒரு பொண்ணு. மை ஜிம் பார்ட்னர்ஸ் எ மங்கி, ஆடம் லயன்ங்கிற பையனோட பேரை சிங்கம்னு தப்பா பதிஞ்சு மிருகங்க படிக்கிற ஸ்கூல்ல போட்டுடுவாங்க. கிளாஸ் ஆஃப் 3000, ஆண்ட்ரே 3000ங்கிற ராப் பாடகரே செஞ்சது, அட்லாண்டாவுல ஒரு மியூசிக் வாத்தியாரு, ஒவ்வொரு எபிசோடுலயும் ஒரு பாட்டு, அதுல சில பாட்டு இப்பவும் காதுல ஓடுது. ஸ்குவிரல் பாய் எனக்கு அவ்வளவா ஒட்டல, அதை விட்டுடலாம்.

அப்ப ஏன் மறந்து போச்சு? எனக்குத் தெரிஞ்சு பென் 10தான் காரணம். அதுவும் அதே காலம்தான், 2005 கடைசியில ஆரம்பிச்சது. ஆனா பென் 10 வந்ததும் கோலாலம்பூர்ல பாசார் மாலம், அதான் ராத்திரிச் சந்தை, பூரா பச்சையாயிடுச்சு. பேக், தண்ணி போத்தல், செருப்பு, கையில கட்டுற அந்த வாட்ச், பாதி டூப்ளிகேட்டு, எல்லாப் பையனும் கையைத் தட்டி ஏலியன் ஆகிக்கிட்டு இருந்தான். நானும் பாத்தேன், நல்ல ஷோதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா லாஸ்லோவுக்கு பேக் கிடையாது, ஜூனிபர் லீக்கு போத்தல் கிடையாது. கடையில கைக்கு எட்டுனதுதான் பெருசானதுக்கப்புறம் ஞாபகத்துல நிக்குது. 90கள்ல வளந்தவங்க முதல்ல பெரியவங்க ஆனாங்க, எழுதுற இடத்துக்கு முதல்ல வந்தாங்க, அவங்க பாத்ததுதான் பொற்காலம்னு ஆச்சு. எங்க செட்டு வர்றதுக்குள்ள பேச்சு முடிஞ்சுபோச்சு.

ஷோவாச்சும் எங்கயாவது தேடுனா கிடைக்கும். நான் பயப்படுறது பம்பருக்கு. அது எந்த எபிசோடுலயும் சேராது, டிவிடியில வராது, ஸ்ட்ரீமிங்ல வராது. சேனல் முகம் மாறுன அன்னிக்கே அதுக்கு வேலை முடிஞ்சுடுச்சு. சேனல் வெப்சைட்ல இருந்த கேமும் அப்படித்தான், அதை ஓட வச்ச ஃபிளாஷ் சாஃப்ட்வேரை 2020 டிசம்பர் 31ஓட நிறுத்துனாங்க, 2024 ஆகஸ்ட்ல அமெரிக்கா வெப்சைட்டையே மூடி ஸ்ட்ரீமிங் பக்கத்துக்குத் திருப்பி விட்டுட்டாங்க. சைபர் கஃபேல ஒரு வெள்ளி (ரிங்கிட்) குடுத்து ஒரு மணி நேரம் உக்காந்து விளையாண்டவங்களுக்கு அந்த வலி தெரியும். யூடியூப்ல இருக்கிற பம்பர்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுல டேப்புல பதிஞ்சதுதான், அதுலயும் அமெரிக்கா சேனலுதுதான் ஜாஸ்தி. நம்ம ஆசியா சேனல்ல வந்த குரலு வேற, நேரம் சொல்ற விதம் வேற, நடுவுல வர்ற விளம்பரம் வேற. அது ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்குது.

போன மாசம் கிள்ளானுக்குப் போனப்ப அக்கா ஸ்டோர் ரூம்ல இருந்து ஒரு பெட்டி விஎச்எஸ் டேப்ப இழுத்துப் போட்டாங்க. மேல பெரியப்பா கையெழுத்துல "கல்யாணம்", "தைப்பூசம்", "கார்ட்டூன் – அழிக்காதே"ன்னு. ஒண்ணை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா, சுருள் ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி படிஞ்சிருக்கு. பூஞ்சை. நம்ம ஊரு ஈரத்துக்கு டேப்பு இப்படித்தான் ஆகும், அதை அப்படியே பிளேயர்ல போட்டீங்கன்னா ஹெட்டு அழுக்காகி அடுத்து போடுற நல்ல டேப்புக்கும் ஒட்டிக்கும், டேப்பே அறுந்தும் போயிடலாம். அதனால போடவே இல்ல. பூஞ்சை இல்லாததைத் தனியா பிரிச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட டப்பாவுல போட்டு மூடிட்டோம். பூஞ்சை உள்ளதைச் சுத்தம் பண்ணி டிஜிட்டலா மாத்தித் தர்ற ஒருத்தர்கிட்ட விசாரிச்சிருக்கேன், டேப்புக்கு இவ்வளவுன்னு கேக்குறாரு, கல்யாண டேப்பையும் கார்ட்டூன் டேப்பையும் முதல்ல குடுக்கலாம்னு அக்கா சொல்றாங்க. பெரியப்பா விளம்பரம் வந்தா ரெக்கார்டிங்க நிறுத்துற ஆளே இல்ல, அப்படியே ஓட விட்டுட்டு தூங்கிடுவாரு, அதனால பம்பர் உள்ள இருக்கணும். உங்க வீட்டு ஸ்டோர்லயும் இந்த மாதிரி டேப்பு இருந்தா, மேல என்ன எழுதியிருந்தாலும் சரி, தயவு செஞ்சு குப்பையில போட்டுடாதீங்க.