காட்பரி மலையடியில்

ஏப்ரல் 11, வெள்ளி

இங்கிலாந்தின் சாமர்செட்டில் சவுத் காட்பரி. சில கல்வீடுகள், தாமஸ் பெக்கெட் பெயரில் ஒரு தேவாலயம், ‘கேமலாட்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒரு பப். அவ்வளவுதான் ஊர். பின்னாலேயே காட்பரி காசில் குன்று. காசில், அதாவது கோட்டை, என்றதும் கல்மதில், கொத்தளம் என்று தேடக் கூடாது. மண்ணையும் பாறையையும் வெட்டி நான்கு அடுக்காகக் கரை எழுப்பியிருக்கிறார்கள்; நடுவில் அகழிகள். இரும்புக்காலத்து ஆட்களின் உழைப்பு.

ஏப்ரல் 12, சனி

காலையிலேயே ஏறிவிட்டேன். தேவாலயத்தைத் தாண்டி ஒரு சேற்றுப்பாதை வடகிழக்கு வாசலில் கொண்டுபோய் விடுகிறது. கரைச்சரிவெல்லாம் மரங்கள். உச்சியில் சுமார் 18 ஏக்கர் வெறும் புல்வெளி. வானம் தெளிந்திருந்ததால் வடமேற்கே கிளாஸ்டன்பரி குன்றும் அதன் மேலுள்ள கோபுரமும் தெரிந்தன.

பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னனின் கோட்டையான கேமலாட் இதுதான் என்று 1542இல் ஜான் லேலண்ட் என்ற பழம்பொருள் ஆர்வலர் எழுதிவைத்தார். தொல்லியலாளர் லெஸ்லி ஆல்காக் 1966 முதல் 1970 வரை இங்கே தோண்டினார். ஆர்தர் பெயர் பொறித்த எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ரோமானியர் போன பிறகு, ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில், யாரோ உள்கரையை மரமும் கல்லும் வைத்துப் புதுப்பித்து, ஏறத்தாழ 20 மீட்டர் நீளத்தில் ஒரு மண்டபமும் கட்டியிருக்கிறார்கள். மத்தியதரைக்கடல் பக்கமிருந்து மது, எண்ணெய் ஏற்றிவந்த இரட்டைக் கைப்பிடி ‘ஆம்போரா’ ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. ஆல்காக் களத்தில் தோண்ட, அந்த அகழாய்வுக்குப் பின்னாலிருந்த கேமலாட் ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். 1945இல் நம் அரிக்கமேட்டில் தோண்டி ஆம்போரா ஓடுகளை எடுத்த அதே வீலர்! காலம் வேறு, கடல் வேறு. இருந்தாலும் அங்கே நின்றபோது மனம் துள்ளியது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று தென்மேற்கு வாசல். கி.பி. முதல் நூற்றாண்டில் இங்கே பெரும் கொலை நடந்திருக்கிறது. எரிந்த வாசல், ரோமானிய ஆயுதங்கள், சிதறிய எலும்புகள். ஆண், பெண், குழந்தை என்று எல்லோருடையதும். அடக்கம் செய்யக்கூட ஆளில்லை. ஆர்தரைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இவர்களைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்பேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டான்டன் அருங்காட்சியகம். 1997இல் இதே மலையடியில் ஓர் அகழி மூலையில் கிடைத்த வெண்கலக் கேடயம், மூவாயிரம் ஆண்டுப் பழமை. மெல்லிய தகடு, வட்ட வட்டமாக வரம்புகள், அவற்றின் நடுவே வரிசையாகச் சின்னக் குமிழ்கள். மூன்று இடத்தில் குத்திய ஓட்டை. போரில் பட்டதல்ல, மண்ணில் கிடத்தியபோது வேண்டுமென்றே குத்தியது. காணிக்கையாகத்தான் இருக்கும். காட்பரிக்கு வருகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட்டு மலையேறுங்கள்.