பெயர் வரிசையில் அவர்

எங்கள் வீட்டுக்காரரின் தலைத்திவசம் முடிந்த மறுவாரமே திலதர்ப்பணபுரிக்குக் கிளம்பிவிட்டோம். வருஷம் முடியட்டும், கோயில் குளமெல்லாம் அப்புறம்தான் என்று பெரியவர்கள் சொன்னதால் அதுவரை பொறுத்திருந்தேன். ஆனால் முதலில் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்கு யோசனையே இருக்கவில்லை. 1998-இல் மாமனார் தவறியபோது, என்னையும் என் இடுப்பில் இருந்த மகனையும் அவர் கூட்டிக்கொண்டு வந்தது இங்கேதான்.

மயிலாடுதுறையில் ரயில் இறங்கி, பேரளம் தாண்டிப் பூந்தோட்டம். பக்கத்திலேயே கூத்தனூர் சரஸ்வதி கோயில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் பேனாவை அம்பாள் பாதத்தில் வைத்து வாங்க அப்பா தன்னை இங்கே கூட்டி வந்ததை மகள் வண்டியில் சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

திலதர்ப்பணபுரியில் முக்தீஸ்வரர், சொர்ணவல்லி அம்பாள். ஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். ராமர் தசரதருக்குப் பிண்டம் வைத்தபோது அது சரியாகச் சேரவில்லை என்றும், சிவபெருமான் சொல்லி இங்கே வந்து எள்ளும் நீரும் விட்டுப் பிண்டம் வைத்தபோது அந்த நான்கு பிண்டங்களும் லிங்கங்களாக மாறின என்றும் சொல்கிறார்கள். அந்தப் பித்ரு லிங்கங்களையும், வணங்கியபடி இருக்கும் ராமரையும் கோயிலில் இன்றும் தரிசிக்கலாம். அரசனுக்குப் பிறந்து, கடவுளாகவே வந்தவருக்கும் அப்பாவுக்குச் செய்வது சேர்ந்ததா என்கிற தவிப்பு இருந்திருக்கிறதே என்று நினைத்தபோது, ஒரு வருஷமாக ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்த என் மகனைத்தான் பார்த்தேன். வெளியே ஆதி விநாயகர், யானை முகம் இல்லாமல் மனித முகத்தோடு. பிள்ளையாருக்குக் குட்டிக்கொள்ளாமல் எங்கள் வீட்டுக்காரர் ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை, அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.

இங்கே தினமுமே அமாவாசைதான் என்பார்கள், நாள் பார்க்க வேண்டாம். மகன் அரிசிலாற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தான். பவித்திரம் போட்டு, தர்ப்பை விரித்து, எள்ளை எடுத்து வைத்துவிட்டு, பெயர்களைச் சொல்லுங்கள் என்றார் குருக்கள்.

அந்தப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அமாவாசை தவறாமல் கூடத்தில் அவர் தர்ப்பணம் பண்ண, நான் அடுக்களையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டவை. அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, எப்போதும் அதே வரிசை. தர்ப்பணத்தில் சொல்வது மூன்று தலைமுறைதானே. மகன் வாயைத் திறந்தான், முதலில் வந்தது அவர் பெயர். இரண்டாவதாக மாமனார் பெயர். மூன்றாவது பெயருக்குத் தடுமாறி என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், மூன்று முடிந்துவிட்டது. எத்தனையோ அமாவாசைகளில் கடைசியாகக் கேட்ட அந்த நான்காவது பெயரை யாரும் கேட்கவில்லை.

அவர் போய்விட்டார் என்பது மயானத்திலிருந்து திரும்பியபோதுகூட எனக்கு இப்படி உறைக்கவில்லை. எள் கலந்த தண்ணீர் மகனுடைய கட்டை விரல் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் விரல் மாதிரியே இருக்கும் அவனுக்கு, நுனி கொஞ்சம் வளைந்து. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன், மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், குருக்களும் அவசரப்படுத்தாமல் காத்திருந்து அடுத்த மந்திரத்தைச் சொன்னார்.

அப்புறம் சன்னதிக்குப் போய் மோட்ச தீபம் ஏற்றினோம். அவர் நல்ல இடத்தில் இருக்க வேண்டும், வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வெளியே பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கும்போது மகன் கேட்டான், "அம்மா, அப்பா நாலாவதா இன்னொரு பேர் சொல்லுவாரே, அது என்ன?"

நாலாவது இல்லை கண்ணா, அப்பாவுக்கு அது மூன்றாவது என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயரைச் சொன்னேன். போனில் எழுதிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று எனக்குக் காட்டினான்.