எத்தனை பேர் என்று கேட்டவர்

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள சுபாங் விமான நிலையத்தில் வானம் கறுத்தால், தரையில் வேலை செய்யும் எங்கள் பாடு ஒரு வழியாகிவிடும். மின்னல் எச்சரிக்கை வந்ததும் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடி வர வேண்டும். எச்சரிக்கை நீங்கியதும் பாதியில் விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். 2010-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்படி ஒரு மாலையில்தான் எனக்கு முதல் டிப்ஸ் கிடைத்தது.

அமெரிக்கப் பதிவெண் கொண்ட தனியார் ஜெட் அது. மின்னல் ஓய்ந்திருந்தது, மழை ஓயவில்லை. என் கையில் பெரிய குடை. படிக்கட்டின் அடியிலிருந்து கட்டட வாசல் வரை பயணிகளை ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விட்டேன். நாற்பது அடி தூரம் இருக்கும். கடைசியாக இறங்கிய விமானி கைகுலுக்கினார். உள்ளங்கையில் ஏதோ மடிப்பாக உறுத்தியது. பிரித்துப் பார்த்தால் இருபது டாலர். அன்றைக்கு அது அறுபது வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மேல்.

அதே நேரம் விமானத்தின் வால் பக்கம் பெரியண்ணன் மண்டியிட்டிருந்தார். எங்கள் ஷிப்டில் மூத்தவர் அவர். எல்லோருக்குமே பெரியண்ணன்தான். விமானம் வந்து நின்றதும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தவர் அவர். 28 வோல்ட் மின் வண்டியை இழுத்து வந்து சொருகியவரும் அவர். இப்போது கழிவறைத் தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். வயிற்றுப் பகுதியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து, குழாயை மாட்டி, உள்ளே இருக்கிற பிடியை இழுக்க வேண்டும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் முதல் கொட்டு நம் மேல்தான் விழும். அன்று விழுந்தது. மருந்து கலந்த நீலத் தண்ணீர் அவருடைய வலது கை முழுக்க வழிந்து, மழையில் கரைந்து ஓடியது. நான் ஓரமாக நின்று நோட்டை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பணத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவும் இல்லை.

சுபாங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1965-இல் திறந்த விமான நிலையம் இது. 1998-இல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ என்கிற புதிய அனைத்துலக விமான நிலையம் வரும் வரை நாட்டுக்கே தலைவாசல். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை வரவேற்க வேன் பிடித்துக் குடும்பத்தோடு போன நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். அப்புறம் கூட்டம் போய்விட்டது, ஓடுபாதை மட்டும் அப்படியே கிடந்தது. 3,780 மீட்டர் நீளம். எந்தத் தனியார் ஜெட்டும் தாராளமாக இறங்கலாம். அட்டவணைப்படி பறக்கும் ஜெட் விமானங்கள் 2024 ஆகஸ்டில் திரும்பி வரும்வரை, இங்கே ஜெட் சத்தம் என்றால் பெரும்பாலும் முதலாளிகளின் சொந்த விமானம்தான்.

அந்த முதலாளிகள் பொது முனையம் வழியாக வருவதில்லை. அவர்களுக்குத் தனிக் கட்டடம், தனி வாசல். கார் நிற்கும் இடத்திலிருந்து விமானப் படிக்கட்டுக்குச் சில நிமிட நடை. தனியார் விமானங்களைத் தரையில் கவனித்துக்கொள்ளும் இந்தத் தொழிலை எஃப்பிஓ (ஃபிக்ஸட் பேஸ் ஆபரேட்டர்) என்பார்கள். பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஊர் ஊராகப் பறந்து வித்தை காட்டிப் பிழைத்த விமானிகள், 1926-இல் அங்கே விமானச் சட்டம் வந்த பின் ஒரே இடத்தில் கொட்டகை போட்டு, எண்ணெய் ஊற்றி, பழுது பார்த்துப் பிழைக்கத் தொடங்கினார்கள். நிலையாக ஓர் இடம் பிடித்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். தரையில் வேலை செய்பவனுக்கு விமானி டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். நன்றாகக் கவனித்துக்கொண்டால் கொடுப்பது அவர்களுக்கு மரியாதை. கொடுக்காமல் போனால் அவர்களுக்கே ஒரு மாதிரியாக இருக்கும்.

நமக்கு அப்படி இல்லை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தே தாரிக் என்கிற ஆற்றிய தேநீர் குடித்துவிட்டு மேசையில் காசு வைத்துப் போனால், மறந்துவிட்டதாக நினைத்துக் கடைக்காரர் பின்னாலேயே ஓடி வருவார். பெரிய உணவகம் என்றால் பில்லிலேயே பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் போட்டுவிடுவார்கள். அதையும் வைத்து முதலாளிகள் விளையாடப் பார்த்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் சட்டமானதும், ஊழியர்களுக்குச் சேர வேண்டிய சேவைக் கட்டணத்தையே எடுத்து அந்தச் சம்பளக் கணக்கை நிரப்பிவிடலாம் என்று சில ஹோட்டல்கள் கிளம்பின. அது செல்லாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். வாடிக்கையாளர் மனசாரக் கொடுப்பது ஒன்று, முதலாளி கொடுக்கக் கடமைப்பட்டது வேறொன்று. அமெரிக்காவில் இந்தக் கோடு அழிந்தே போய்விட்டது. டிப்ஸ் வரும் வேலை என்றால் முதலாளி கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று அங்கே கூட்டரசுச் சட்டமே சொல்கிறது, 1991-இலிருந்து. மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும், நிரம்பாவிட்டால்தான் முதலாளி ஈடுகட்டுவார். அந்த வழக்கத்தை முழுசாக இங்கே கொண்டுவர வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் சேர்ந்தபோது இங்கே குறைந்தபட்சச் சம்பளமே கிடையாது. 2013-இல் 900 வெள்ளி என்று வந்தது, 2025-இல் 1,700 ஆனது. ஒவ்வொரு படியும் எங்கள் வீட்டு அரிசியில் தெரிந்தது. டிப்ஸ் அப்படி இல்லை. இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வராது. அதற்கு ஊழியர் சேமநிதியும் பிடிக்க மாட்டார்கள். வயதான காலத்தில் அந்த இருபது டாலர் எங்கேயும் சேர்ந்து நிற்காது.

இன்னொரு சிக்கல், சொல்லில் இருக்கிறது. இந்த ஊரில் ‘டுயிட் கோப்பி’ என்றால் காப்பிக் காசு. ஆனால் அதைக் கேட்டால் யாருக்கும் காப்பி ஞாபகம் வராது, லஞ்சம்தான் ஞாபகம் வரும். ஒருமுறை ஒரு பயணியின் உதவியாளர், விமானம் இறங்குவதற்கு முன்னாலேயே வந்து என் சட்டைப் பையில் முந்நூறு வெள்ளியைத் திணித்தார். “இரண்டு பெட்டி மட்டும் நேரா காருக்குப் போகட்டும் பாஸ். ஸ்கேன் எல்லாம் நேரம் ஆகும்.” பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உடுப்பாகக்கூட இருந்திருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டி இரண்டையும் நானே தூக்கி ஸ்கேனர் பெல்ட்டில் வைத்தேன். கை நடுங்கியது. 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் அரசு ஊழியருக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தனியார் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவனையும் அது பிடிக்கும். ஆனால் அன்று எனக்குக் கை கொடுத்தது சட்டம் இல்லை, பெரியண்ணன் எப்போதோ சொன்ன கணக்கு: “வேலைக்கு முன்னாடி வர்ற காசும், வேலையை மாத்தச் சொல்ற காசும் டிப்ஸ் இல்ல தம்பி.”

இனி, தலைப்பில் உள்ளவரின் கதை. சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். வயதான ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு படிக்கட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். “பெராபா ஓராங்?” என்று என்னைக் கேட்டார். எத்தனை பேர்? கண்ணில் பட்டவர்களை எண்ணி ஆறு என்றேன். அவர் திருப்தியாகவில்லை. தடியைத் தூக்கி, இறக்கைக்கு அந்தப் பக்கம் மின் வண்டியோடு நின்றவரைக் காட்டினார். அப்புறம் வால் பக்கம். அப்புறம் இழுவை வண்டியில் உட்கார்ந்திருந்த பையனை. தானே எண்ணி ஒன்பது என்றார். மகள் பையிலிருந்து ஒன்பது சிவப்பு உறைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தாள். உள்ளே பத்து வெள்ளிதான். அந்த இருபது டாலரைவிடக் குறைவு. அன்று சாயங்காலம் எங்கள் ஓய்வறையில் ஒன்பது பேர் ஒரே நேரத்தில் உறை பிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நமக்கு டிப்ஸ் பழக்கம் இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சீனர்களின் அங் பாவ் என்கிற சிவப்பு உறை, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை, தீபாவளிக்கு நாம் பிள்ளைகளுக்கு நீட்டுகிற உறை என்று இத்தனை இருக்கிறது. எல்லாவற்றிலும் கொடுப்பவர் முதலில் ஆளை எண்ணுகிறார். கைகுலுக்கலில் வருகிற நோட்டுக்கு எண்ணிக்கை கிடையாது. யார் கை அருகில் இருக்கிறதோ அங்கே விழும். எங்கள் தொழிலில் பயணிக்கு அருகில் இருப்பவன் குடைக்காரன்தான். விமானத்துக்கு அடியில் இருப்பவனைப் பயணி பார்க்கவே வழியில்லை. சில சின்ன ஜெட்களில் வெளியிலிருந்து கழிவு எடுக்கும் வசதிகூட இருக்காது. பயணிகள் காரில் ஏறிப் போன பிறகு உள்ளே போய், கம்பளத்தின் மேல் விரிப்பு போட்டு, தொட்டியைக் கையாலேயே தூக்கிக்கொண்டு அந்தக் குறுகலான நடைவழியில் குனிந்தபடி வர வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினால் அடுத்த நாள் புகார்க் கடிதம் வரும். சிந்தாமல் கொண்டுவந்தால் அது யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் தெரிந்தும் நான் தவறு செய்தேன். 2016-இல் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனேன். கையில் வாக்கி டாக்கியும் தாளும் வைத்திருப்பவனைத்தான் விமானிகள் தேடி வருவார்கள். வந்த காசில் பாதியை நான் எடுத்துக்கொண்டு மீதியைப் பிரித்துக் கொடுத்தேன். பொறுப்பு என்னுடையது, திட்டு விழுந்தால் எனக்குத்தானே விழுகிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை.

அம்மாதான் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் பெருமையாகவே அவரிடம் இதைச் சொன்னேன். அம்மா தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அந்தக் காலத்துக் கங்காணிக்குச் சம்பளம் போக, வேலைக்கு இறங்குகிற ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு உண்டு. விடியுமுன்னே இறங்கி மரம் வெட்டுகிறவன் ஒருவன், அவன் தலையை எண்ணிக் காசு பார்க்கிறவன் ஒருவன். 1938-இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்திய பிறகு கங்காணி ஆள் பிடித்து வருவதும் நின்றது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீயும் ஆள் தலையில காசு பாக்குறியா?” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சோறு போட்டார். எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு காலி மைலோ டின்னையும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றையும் ஓய்வறையில் கொண்டுபோய் வைத்தேன். யார் கையில் எது விழுந்தாலும் டின்னுக்குள் போக வேண்டும். நோட்டில் தேதி, விமானம், தொகை, அன்று ஷிப்டில் இருந்தவர்கள் எல்லாம் எழுத வேண்டும். மாதக் கடைசியில் அந்தந்த நாளில் இருந்தவர்களுக்குச் சம பங்கு. எனக்கும் ஒரு பங்குதான். டாலர், திர்ஹாம், சிங்கப்பூர் வெள்ளி எல்லாம் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நம்மாட்கள் நடத்தும் காசு மாற்றும் கடைக்குப் போகும். சில்லறைக் காசை அவர்கள் வாங்க மாட்டார்கள், அது டின்னின் அடியிலேயே கிடக்கும்.

எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். “நான்தானே குடை பிடிச்சேன்? எனக்குன்னுதானே கொடுத்தாரு?” என்று ஒரு தம்பி இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெரியண்ணன் அவனிடம் வாதம் செய்யவில்லை. அடுத்த விமானத்துக்கு, “தம்பி, நீ இன்னிக்கு வால் பக்கம் போ, நான் குடை பிடிக்கிறேன்” என்றார். அன்று அவருக்கு ஐம்பது வெள்ளி கிடைத்தது. நேராக வந்து டின்னில் போட்டுவிட்டு, எழுதச் சொல்லி நோட்டை அந்தத் தம்பியிடமே நீட்டினார்.

நோயாளியைக் கொண்டுவரும் விமானத்தில் மட்டும் நாங்கள் காசு வாங்குவதில்லை. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஒருமுறை ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் வந்த அம்மா ஒருவர் கைப்பையைத் திறந்தபோது, நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று கையசைத்தோம். அதோடு அது வழக்கமாகிவிட்டது.

முடியாமல் இருக்கிற பேச்சு ஒன்று உண்டு. கழிப்பறையும் வரவேற்புக் கூடமும் துடைக்கிற அக்கா எங்கள் நிறுவனத்தின் ஆள் இல்லை, ஒப்பந்தத்தில் வருபவர். வாசலில் நிற்கும் காவலாளியும் அப்படித்தான். அவர்களையும் ஆள் கணக்கில் சேர்ப்பதா? மூன்று மாதம் பேசினோம். அக்காவுக்குப் பங்கு உண்டு என்று முடிவானது. காவலாளிகள் அடிக்கடி மாறுகிறார்கள், அதனால் அந்தப் பேச்சு இன்னும் இழுபறியில் கிடக்கிறது. எனக்கு அதில் மனம் ஆறவில்லை.

எண்ணெய் லாரி ஓட்டும் அண்ணன் வேறு நிறுவனம். வாடிக்கையாளர் காசைத் தொடவே கூடாது என்று அவர்களுக்குக் கண்டிப்பான விதி. நீண்ட தூரம் போகிற பெரிய ஜெட் ஒன்றுக்கு இருபதாயிரம் லிட்டருக்கு மேல் ஏற்றுவார். அத்தனை நேரமும் வெயிலில் குழாய் பக்கத்திலேயே நிற்பார். டின்னைக் காட்டியபோது, “வேணாம்பா, என் வேலை போயிரும்” என்று சிரித்தார். சரி, நிழலுக்காவது வாங்கண்ணே என்றோம். அன்றிலிருந்து அவர் வேலை முடித்துக் குழாயைச் சுற்றி வைத்ததும் யாராவது ஒருவர் தே ஓ ஐஸ், அதாவது பால் இல்லாத ஐஸ் தேநீர், வாங்கிக்கொண்டு போவோம். நோட்டிலும் அது ஏறுகிறது. தேதி, விமானம், தொகை, அதற்குக் கீழே பெரியண்ணன் கையெழுத்தில், ‘லாரி அண்ணன், தே ஓ, 2 வெள்ளி’.