ஏட்டிக்குப் போட்டி அக்கா

பாலக்கோடு பக்கம் எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் தீர்மான நோட்டை நான்தான் எழுதுகிறேன். "ஏகமனதாக" என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. குழுவில் எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவரை நீக்கிவிடலாம் என்று கொஞ்ச நாளாகப் பேச்சு. எனக்கு அதில் சம்மதமில்லை. அதற்கு ஒரு காரணம் சாலமன் ஆஷ் என்கிற உளவியலாளர்.

1950களில் அமெரிக்காவில் அவர் செய்த சோதனை இது. ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று. எது அதே நீளம் என்று வரிசையாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாகாது. ஆனால் அந்த அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். பேசிவைத்துக்கொண்டு தப்பான கோட்டையே காட்டுவார்கள். இப்படி மாட்டிய மாணவர்கள் 123 பேர். கூட்டம் தப்பாகச் சொன்ன சுற்றுகளில் அவர்களுடைய பதில்களில் 36.8 சதவீதம் கூட்டத்தோடு போயின. இதை வைத்து மனுசன் ஆட்டு மந்தை என்று பலர் முடித்துவிடுகிறார்கள். மிச்சப் பதில்களை என்ன செய்வது? கால்வாசிப் பேர் ஒரு தடவைகூட அசையவில்லையே!

எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் வருகிறது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், மாணவரின் தப்புகள் கால்வாசியாகக் குறைந்தன. சரி, இது எதிர்பார்க்கக் கூடியதுதான். அடுத்து, கூட்டத்தைவிடப் பெரிய தப்பைச் சொல்கிற ஆளை உட்கார வைத்தார்கள். அப்போது தப்புகள் 9 சதவீதத்துக்கு இறங்கின! அந்த ஆள் சொன்னது படுதப்பு. ஆனாலும் கூட்டத்தோடு ஒத்துப்போகாத ஒரு குரல் கேட்டதும் மாணவர் தன் கண்ணை நம்பிவிட்டார்.

எங்கள் அக்காவும் அப்படித்தான். கடன் வாங்கிப் பாக்குமட்டைத் தட்டு மெஷின் போடலாம் என்று தலைவி சொன்னார். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் "சரிங்க்கா" என்றார்கள். அக்கா மட்டும், "மெஷின் எதுக்கு? எல்லாரும் ஆடு வாங்குங்க" என்றார். மேய்ச்சலுக்கு இடமே இல்லாத ஊரில் இது சுத்த கிறுக்குத்தனம். எல்லாரும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும், கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெண், "மட்டை எங்கிருந்துங்க்கா வரும்? நம்ம ஊர்ல பாக்கு மரமே இல்லியே" என்றாள். இன்னொருத்தி கரண்ட் பில் யார் கட்டுவது என்றாள். அன்றைக்குத் தீர்மான நோட்டில் எழுத ஒன்றுமில்லை.

தலைவிக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. நீக்குகிற பேச்சு கூட்டத்துக்கு வந்தால், ஒவ்வொருவராக வாயால் சொல்ல வேண்டாம், சீட்டில் எழுதிப் போடலாம் என்று கேட்கப் போகிறேன். ஆஷின் சோதனையிலும் பதிலை மற்றவர்களுக்குத் தெரியாமல் எழுதச் சொன்னபோது கூட்டத்தோடு போவது நன்றாகவே குறைந்தது. எழுதத் தெரியாதவர்கள், நீக்கலாம் என்றால் கூழாங்கல், வேண்டாம் என்றால் புளியங்கொட்டை போடட்டும். சொம்பு நான் கொண்டுபோகிறேன்.