தகடூருக்கு இரண்டு சூரியன்

மே 18

நான் எழுதும் கதையில் வரும், இரண்டு சூரியன் உள்ள கோளுக்குப் பெயர் வைத்தாயிற்று: தகடூர். அதியமான் ஆண்ட நம்ம தர்மபுரியின் பழைய பெயர், அதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை. சூரியன்கள் பெரியவன், சின்னவன். அளவுகளை ஆல்ஃபா சென்டாரி என்ற நிஜ இரட்டை நட்சத்திரத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். 4.37 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அந்த ஜோடி ஒன்றையொன்று சுற்றி வர ஏறக்குறைய 80 வருஷம் ஆகிறது. நெருங்கும்போது இடைவெளி பூமி-சூரியன் தூரத்தைப் போல 11 மடங்கு, விலகும்போது 35 மடங்குக்கு மேல்.

மே 20

பெரியவன் நம் சூரியனைவிட ஒன்றரை மடங்கு பிரகாசம், அதனால் அவனைச் சுற்றுகிற தகடூர் கொஞ்சம் தள்ளி, பூமி-சூரியன் தூரத்தைப் போல 1.23 மடங்கு தூரத்தில் இருந்தால்தான் நமக்குக் கிடைக்கிற அளவு வெயில் கிடைக்கும். வருஷத்துக்கு 475 நாள் வருகிறது. சின்னவன் இழுத்துத் தள்ளிவிடுவானோ என்று பயந்தேன், இவ்வளவு உள்ளே இருந்தால் ஆபத்தில்லை.

வானத்தில் இரண்டு பெரிய வட்டங்கள் தெரியும் என்று நினைக்காதீர்கள். சின்னவன் மிக நெருங்கி வந்தாலும் கண் கூசும் ஒரு புள்ளிதான். ஆனால் அந்தப் புள்ளி நம் பௌர்ணமி நிலாவைப் போல ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும், ராத்திரியில் வெளியே வந்தால் தியூப்லைட் போட்ட அறையில் நிற்பது மாதிரி இருக்கும், நிழல்கள் பிளேடால் வெட்டியது போல விழும். சூடு மட்டும் பெரிதாக ஏறாது. அப்படியானால் அந்த ஊரில் இரண்டாவது சூரியனால் மாறுவது பகல் இல்லை, ராத்திரிதான். கதையே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மே 25

பத்தரை மணிக்கு மேல் மொட்டை மாடி. நிலா இல்லாத நாள். தெற்கே, தொடுவானத்திலிருந்து பதினேழு டிகிரி உயரம்தான், ஆல்ஃபா சென்டாரி பளிச்சென்று நின்றது. வெறும் கண்ணுக்கு ஒன்றுதான், சின்ன தொலைநோக்கியிலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். டெல்லிக்காரர்களுக்கு இது தொடுவானத்தைத் தாண்டித் தலைகாட்டுவதே அபூர்வம், நாம் கொடுத்து வைத்தவர்கள்.

மே 27

ராயக்கோட்டைப் பக்கம் மாமா தோட்டத்தில் சாமந்தி. ராத்திரி வரிசை வரிசையாக பல்பு எரிகிறது. எதற்கு மாமா என்றால், "இருட்டு நீளமா கெடைச்சா உடனே மொட்டு வெச்சிடும் மாப்ள, செடி குட்டையாவே நின்னுடும். மொதல்ல வளரட்டும், அப்புறம் லைட்ட நிறுத்திடுவேன்" என்றார். செல்போன் வெளிச்சத்தில் இரண்டு பாத்தியையும் பார்த்தேன். பல்புக்குக் கீழே இருக்கிற செடியின் நுனியைப் பிரித்தால் இலைக்குள் இலையாக மடங்கிய குருத்து மட்டும்தான். பக்கத்தில் லைட்டை நிறுத்திவிட்ட பாத்தியில் அதே நுனியில் தட்டையாக, பச்சையாக, கடுகு அளவுக்கு மொட்டு.

தகடூரில் சின்னவன் ராத்திரி வானத்தில் நிற்கிற மாதங்களில் சாமந்தி பூக்கவே பூக்காது. விலகிப் போன வருஷங்களிலும் நூற்றைம்பது நிலா வெளிச்சம் இருக்கிறதே, அது போதுமா என்று மாமாவிடம் கேட்டேன், அவரும் விடாமல் யோசித்தார்: "ரகத்தைப் பொறுத்தது."

ஜூன் 1

தகடூருக்குப் பஞ்சாங்கம் போட உட்கார்ந்தேன். வருஷத்தில் ஒரு பாதியில் சின்னவன் ராத்திரியில் வருவான், மறு பாதியில் பெரியவனோடு பகலில் போய்விடுவான், அப்போதுதான் உண்மையான இருட்டு. ஆனால் சின்னவனும் நகர்கிறானே, அதனால் இந்த இருட்டுக்காலம் ஒரே மாதத்தில் நிற்காது, நகர்ந்து நகர்ந்து 80 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும். நெருங்கும் வருஷங்களில் வேகமாக நகரும், விலகும் வருஷங்களில் மெதுவாக, வானியலாளர் கெப்ளர் சொன்னபடி. பாட்டி காலத்தில் மழைக்காலத்தில் பூத்த பூ பேத்தி காலத்தில் கோடையில் பூக்கும். கதாநாயகியைப் பூ விவசாயியாகவே வைத்துவிட்டேன். பாட்டி எழுதி வைத்த பூக்கணக்கு அவள் கையில் இருக்கிறது, அதை எத்தனை நாள் தள்ளிப் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் அத்தியாயம்.