எடை சரியாக இருந்தால் நோய் இல்லையாம்!

நான் முதலில் பார்த்த மருத்துவர் எடை பார்த்தார், "சரியாகத்தானே இருக்கிறது, மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அளவுமீறிச் சாப்பிடுவதையும் பிறகு வாந்தி எடுப்பதையும் வாய்விட்டுச் சொல்ல வருடக்கணக்கில் திரட்டிய தைரியம் அங்கேயே வடிந்துபோனது. இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டப் பார்க்கும் இந்த உணவுக் கோளாறுக்குப் புலிமியா என்று பெயர். அது உள்ளவர்களில் பலருக்கு எடை இயல்பாகவே இருக்கும். மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் இந்த நோயை விவரித்தது 1979-இல்! அடிக்கடி வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறையலாம். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அடுத்துப் போன ஆலோசகர் என் சிறுவயதைப் பற்றி மேலோட்டமாக விசாரித்துவிட்டு, "எல்லாம் உங்கள் அம்மாவால் வந்தது" என்று தீர்ப்பு எழுதினார். அம்மாவை வரவழைத்து முகத்துக்கு நேராகவும் சொன்னார். அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. அந்த ஆலோசகரிடம் பிறகு நான் போகவில்லை. மரபணு, உடல்வாகு, மனநிலை, சூழல் எல்லாம் சேர்ந்து வரும் நோய் இது. குடும்பம்தான் ஒரே காரணம் என்பதை நிபுணர்களே ஏற்பதில்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான சிகிச்சை முறை, வளரிளம் பிள்ளைகளை மீட்கப் பெற்றோரையே துணைக்கு அழைக்கிறது.

அதற்காகச் சிறுவயதுக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கோபத்துக்கு இடமில்லை. பெரியவர்கள் பேசிக்கொள்ளாத நாட்களில் ஏன் என்று கேட்கக் கூடாது. அழுதால், "முதலில் சாப்பிடு" என்று தட்டு வரும், அன்போடுதான் வரும். பசி எது, வருத்தம் எது என்று பிரித்தறியாமலே வளர்ந்தேன்.

கடைசியாகக் கிடைத்த உளவியலாளர் இந்த முடிச்சைத்தான் பிடித்தார். முதலில் நேரத்துக்குச் சாப்பிட வைத்தார்: மூன்று வேளை உணவு, நடுவே சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. பட்டினிதான் அளவுமீறிச் சாப்பிடும் அடுத்த வெறிக்கு வழிவிடுகிறது என்றார். கூடவே ஒரு நோட்டு. சாப்பிட்டதை மட்டுமல்ல, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, மனம் எப்படி இருந்தது என்றும் எழுத வேண்டும். வாரக்கணக்கில் மனநிலையை எழுதும் இடத்தில் "ஒன்றுமில்லை" என்றே எழுதினேன். பிறகு ஒருநாள், "அப்பா பாதியில் போனை வைத்துவிட்டார். கோபம்" என்று எழுதினேன். அன்றும் வெறி வந்தது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், மெல்ல அடங்கிவிட்டது!

மருத்துவரிடம் போகுமுன் நடப்பதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நேரில் நா எழாது. உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள், ஆனால் தேடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.