காற்றாடி மலையில் 27 மெழுகுதிரி

கேட்டது கிடைத்தால் நேர்ச்சை செலுத்தப் போவார்கள். எங்களுக்குக் கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் போனோம்.

போன ஜூனில் தம்பி பைக்கிலிருந்து விழுந்து 11 நாள் ஐசியூவில் கிடந்தான். அந்த 11 நாளும் அம்மா வெளியே வராந்தாவில் செபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அப்போது நேர்ந்துகொண்டதுதான் இது. புனிதர் தேவசகாயம் பிள்ளை விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டு வேதசாட்சியாக மரித்த நாளில் ஆரல்வாய்மொழி காற்றாடி மலைக்கு வெறுங்காலோடு ஏறி, தம்பிக்கு எத்தனை வயதோ அத்தனை மெழுகுதிரி ஏற்றுவது. 12-ஆவது நாள் விடிகாலையில் தம்பி போய்விட்டான்.

நேர்ச்சையும் அதோடு போயிற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். டிசம்பரில் அம்மா போன் செய்தாள். "எய்யா, பொங்கலுக்கு லீவு சொல்லிட்டியா? 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்குப் போகணும்லா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எதுக்கும்மா? அவருதான் ஒண்ணும் செய்யலியே" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "பிழைக்க வச்சா வாரேன்னு நான் சொல்லலய்யா. வாரேன்னுதான் சொன்னேன்."

அதற்கு மேல் என்ன பேச? டிக்கெட் போட்டேன்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் வடக்கன்குளம். நீலகண்ட பிள்ளை 1745 மே மாதம் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனது அந்த ஊரில்தான். அதனால் அம்மாவுக்கு அவர் கிட்டத்தட்ட உறவுக்காரர். 2022-இல் ரோமையில் புனிதர் பட்டம் கொடுத்தபோது ஏதோ சொந்தத் தாய்மாமனுக்கு விருது கிடைத்த மாதிரி தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். அவர் கதையைச் சின்ன வயதில் சோறு ஊட்டும்போது கேட்டதுதான். நட்டாலத்துக்காரர், திருவிதாங்கூர் அரண்மனை வேலை, நல்ல வசதி. பிறகு மாடு சாகிறது, விளைச்சல் போகிறது, ஒன்றன்பின் ஒன்றாக நஷ்டம். குளச்சல் போரில் பிடிபட்டு மகாராஜாவின் படையிலேயே தளபதியான டிலனாய், முகம் வாடியிருந்த இவரை உட்காரவைத்து வேதாகமத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார்.

இதைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். தம்பி போன பிறகுதான் உறைத்தது. சொத்தை இழந்து நிற்கிறவனிடம் போய், சொத்து, பிள்ளைகள், உடம்பு எல்லாவற்றையும் இழந்தவன் கதையைச் சொல்லியிருக்கிறார் அந்த மனுஷர். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்து யோபுவின்மேலேயே குற்றம் சொன்ன அவன் நண்பர்கள் மாதிரி எங்கள் துக்க வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். "ஹெல்மெட் போட்டிருந்தானா?" என்று ஒருவர். "உங்க குடும்பத்துல ஏதாவது குறை இருக்கும், ஒரு செபக்கூட்டம் வையுங்க" என்று ஒரு சித்தி. "ஆண்டவர் அவனை ரொம்ப நேசிச்சதால கூப்பிட்டுக்கிட்டாரு" என்று இன்னொருவர். அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம். பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழு நாளும் காலையில் வந்து, எங்கள் அடுக்களையில் கிடந்த பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனார். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் வேதத்தில் இருக்கிறது. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து விடிகாலை கிளம்பினோம். பொங்கல் கூட்டம். நாகர்கோவில் எண்ட் டு எண்ட் பஸ், ஆரல்வாய்மொழியில் நிற்காது என்று இரண்டு பஸ்ஸில் ஏற்றவே இல்லை. மூன்றாவது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். வள்ளியூர் தாண்டியதும் ஒரு பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான், நல்லா இருக்கட்டும். பணகுடி தாண்டிக் காற்றாலைகள் வரிசை தொடங்கியதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

இறங்கியதும் ஆட்டோக்காரர்கள். நடந்து போகிற தூரத்துக்கு 200 ரூபாய். வேண்டாம் என்று நடந்தால் மெழுகுதிரி விற்கிறவர்கள் விடவில்லை. ஒருவன் அம்மாவின் கையிலேயே ஒரு கட்டைத் திணித்துவிட்டு, "அம்மா, புனிதருக்கு வாங்குறதுல பேரம் பேசாதீங்க" என்றான். பேரம் பேசத்தான் செய்தாள், 27 கேட்டு. நான், "26-தானேம்மா?" என்றேன். "மார்கழியில அவனுக்குப் பிறந்தநாள் போச்சுல்லா" என்றாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கீழே வியாகுல மாதா கோவிலில் பூசை கண்டுவிட்டு மலை ஏறினோம். பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு முட்டுவலி, வெறுங்கால், பாறை அதற்குள் சூடேறிவிட்டது. மணியடிச்சான் பாறைப் பக்கம் நெருங்கவே முடியவில்லை. ஆளுக்கொரு கல்லை எடுத்துத் தட்டித் தட்டி, கணீர் கணீர் என்று சத்தம். ஒருவர் தட்ட, ஒருவர் வீடியோ எடுக்க, எடுத்தது சரியில்லை என்று மறுபடியும் தட்ட. செபிக்க வந்தவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று இல்லைதான். ஆனாலும் காற்றாடி மலைக்குச் சும்மாவா அந்தப் பேர்? அம்மா முதல் திரியை ஏற்றி, உருகிய மெழுகில் நிறுத்தி, இரண்டாவதைப் பற்றவைப்பதற்குள் முதலாவது அணைந்தது. மூன்றை ஏற்றினால் இரண்டு அணைந்தது. நான் குனிந்து இரண்டு கையையும் குவித்து மறைத்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் புகுந்து அணைத்தது. தீப்பெட்டி ஒன்று காலி. எனக்குப் பொறுமை போய்விட்டது. "போதும்மா, வச்சிட்டு வா, ஏத்தினதுக்குச் சமம்தான்" என்றேன். அம்மா தலை நிமிராமல் அடுத்த குச்சியை உரசினாள். புகைகிற திரியை ஒரு விரலால் நிமிர்த்தி, மறுபடி தீ வைத்து, அது அணைகிற வரைக்கும் அதையே பார்த்து, பிறகு அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். ஆறாவதோ ஏழாவதோ போகும்போதுதான் காதில் விழுந்தது. "ஒண்ணாங்கிளாஸ்... ரெண்டாங்கிளாஸ் மஞ்சக்காமாலை... மூணாங்கிளாஸ் சைக்கிள்..." ஒரு திரிக்கு ஒரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் எரிந்தது, அணைந்தது. அணைந்ததற்காக அம்மா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

பக்கத்தில் மொட்டை போட்ட குழந்தையோடு ஒரு குடும்பம் நின்றது. அவர்களே வந்து எங்களைச் சுற்றி நின்று சேலையை விரித்துக் காற்றை மறைத்தார்கள். யார், எந்த ஊர், கேட்கவே இல்லை. கடைசி நான்கு திரிகள் சேர்ந்து நின்று எரிந்தன.

யோபுவுக்குக் கடைசி வரை காரணம் சொல்லப்படவே இல்லை. சூறாவளிக்குள்ளிருந்து ஆண்டவர் பேசுகிறார். பேசி, ஏன் உனக்கு இப்படி என்று சொல்கிறாரா? இல்லை. காட்டு ஆடு எப்போது குட்டி போடும் என்று உனக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்கிறார்! படித்தபோதெல்லாம் இது என்ன பதில் என்று எரிச்சல்தான் வந்திருக்கிறது. அந்தப் பாறையில் கண்ணில் தூசி விழ நின்றபோது எரிச்சல் இல்லை. பதிலும் கிடைக்கவில்லை. தேவசகாயம் என்றால் ஆண்டவரின் உதவி. அந்தப் பேர் வைத்துக்கொண்ட மனுஷரை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அடித்து இழுத்தார்கள். மூன்று வருஷம் சங்கிலி. 1752 ஜனவரி 14 அன்று இதே மலையில் சுட்டார்கள். வந்து காப்பாற்றுவது மட்டும்தான் உதவி என்றால் அவர் பேரே பொய்யாகிவிடும். அம்மாவுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

மத்தியானம் கோட்டாறு போனோம். காட்டில் எறிந்த உடம்பில் மிஞ்சியதை மக்கள் எடுத்து வந்து சவேரியார் கோவிலில்தான் புதைத்தார்கள். கல்லறைக்கு முன்னால் முழந்தாளிட்டேன். ஜூனுக்குப் பிறகு நான் செபமே சொன்னதில்லை, பூசையில் சும்மா நிற்பேன். 'ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார்' என்று யோபு சொன்னதை வாய் தானாகத் தொடங்கியது. 'கொடுத்தார்' வந்தது. 'எடுத்தார்' வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. பின்னாலிருந்து ஒருவர், "கொஞ்சம் நகருங்க, பிள்ளையைக் கிடத்தணும்" என்று தோளைத் தட்டினார். எழுந்துவிட்டேன். பாதி செபத்தோடு. அதுவே போதும் அப்பனே, உமக்கு நன்றி. அம்மாவை இவ்வளவு தூரம் நடத்திக் கொண்டுவந்ததற்கு நன்றி, சேலை விரித்த அந்தப் பிள்ளைகளுக்காக நன்றி, 26 வருஷத்துக்கும் நன்றி.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அவித்த பனங்கிழங்கை அம்மா ஒடித்து, நடுநரம்பை உருவி, நாரையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். நக இடுக்கில் மெழுகு ஒட்டியிருந்தது. "நான் நாரோடயே தின்பேன்லாம்மா, அவனுக்குத்தானே ஆகாது" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, மிச்ச நாரையும் எடுத்துத்தான் என் கையில் கொடுத்தாள்.